எஸ்விஎன்-னில் இருந்து கிட்டுக்கு: வரலாறு சிதையாமல் ஒரு திறமூலத் திட்டத்தை இடம் மாற்றுவது

செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு போகும் பேருந்து புளியரை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். எங்கள் திட்டத்தைக் கிட்டுக்கு மாற்ற அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது. எஸ்விஎன், கிட் இரண்டுமே ஒரு திட்டத்தின் கோப்புகளில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவிகள்.

2009-ல் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஆரம்பித்த சின்ன அகராதிச் செயலி அது. எல்லையின் இரண்டு பக்கமும் சந்தையிலும் செக்போஸ்டிலும் தோட்டத்திலும் புழங்கும் தமிழ், மலையாளச் சொற்களை அதில் தேடிப் பார்க்கலாம். வெள்ளம் என்றால் அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் பெருக்கு. சக்கை என்றால் அங்கே பலா, இங்கே பிழிந்து மிஞ்சியது. இந்தச் சொற்களைச் சேர்த்துத் தந்தவர்களில் பாதிப் பேர் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்தில் இருப்பவர்கள். சப்வெர்ஷனில், அதாவது எஸ்விஎன்-னில், ஒரு கமிட் போட (செய்த மாற்றத்தைப் பதிய) வேண்டும் என்றால் அந்த நேரத்தில் சர்வர் கிடைத்தாக வேண்டும். கிட்டில் கமிட் உங்கள் கணினியிலேயே முடிந்துவிடும். இரவு வீட்டுக்கு வந்து, நெட் கிடைக்கும்போது மொத்தமாக அனுப்பிக்கொள்ளலாம்.

இதற்கு முன் இந்த வேலையைச் செய்திராதவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாக அடியுங்கள். எஸ்விஎன்-அட்மின், எஸ்விஎன்ஆர்-டம்ப் இரண்டும் இடைக்கோடு இல்லாத ஒரே சொற்கள்.

மாறத்தான் வேண்டுமா?

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்பது காரணம் ஆகாது. பெரிய திறமூலத் திட்டங்களிலேயே ஓப்பன்பிஎஸ்டி இன்னும் சிவிஎஸ் என்ற பழைய கருவியில்தான் இருக்கிறது. எஸ்க்யூலைட் தனக்கென ஃபாசில் என்ற கருவியை வைத்திருக்கிறது. வேர்ட்பிரஸின் செருகுநிரல் களஞ்சியம் எஸ்விஎன்-னிலேயே ஓடுகிறது. மாறியவர்களும் உண்டு. ஜிநோம் 2009-ல், போஸ்ட்கிரெஸ் 2010-ல், எல்எல்விஎம் 2019-ல், ஜிசிசி கம்பைலர் 2020 ஜனவரியில் கிட்டுக்கு வந்தன. பைத்தான் இரண்டு முறை மாறியது: 2011-ல் எஸ்விஎன்-னை விட்டு மெர்க்குரியல் என்ற இன்னொரு கருவிக்கு, 2017-ல் அங்கிருந்து கிட்டுக்கு. உங்கள் காரணத்தை ஒரே வரியில் எழுதிக் குழுவில் எல்லோரிடமும் காட்டுங்கள். எங்கள் வரி: "சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவரும் கமிட் போட முடிய வேண்டும்." பிறகு ஏதாவது முடிவெடுக்கத் திணறியபோதெல்லாம் இந்த வரிக்குத்தான் திரும்பி வந்தோம்.

அடுத்த கேள்வி, பழைய வரலாற்றைக் கொண்டுவருவதா, இன்றைய கோப்புகளை மட்டும் எடுத்துப் புதிதாகத் தொடங்குவதா? இரண்டாவது வழி அரை மணி நேர வேலை. முதலாவது எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது. இருந்தாலும் முதலாவதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஒரு திறமூலத் திட்டத்தில் உரிமையை எழுதிக் கொடுக்காத வரை, ஒவ்வொருவர் எழுதிய பகுதிக்கும் அவரவரே பதிப்புரிமைக்காரர். யார், எதை, எப்போது சேர்த்தார் என்பதற்கு கமிட் வரலாற்றை விட்டால் வேறு பதிவு இல்லை. உரிமத்தை நாளை மாற்ற நினைத்தால் யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பதும் அதிலிருந்துதான் தெரியும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பதினைந்து ஆண்டு சம்பளம் இல்லாமல் உழைத்தவர்களின் பெயரை ஒரு நாள் வசதிக்காக அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

முழு நகல் எடுப்பது

வேறு எதையும் தொடும் முன் பழைய ரிப்போவை, அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை, முழுசாக நகல் எடுங்கள். சர்வருக்குள் நுழைய அனுமதி இருந்தால் முதலில் ‘எஸ்விஎன்-அட்மின் வெரிஃபை’ கட்டளையால் ரிப்போ பழுதில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மொத்தத்தையும் ஒரே கோப்பாக்கித் தரும் ‘எஸ்விஎன்-அட்மின் டம்ப்’. சர்வர் உங்கள் கையில் இல்லை, முகவரி மட்டும்தான் தெரியும் என்றால் ‘எஸ்விஎன்ஆர்-டம்ப்’ இருக்கிறது, சப்வெர்ஷன் 1.7 முதல் கிடைக்கிறது. எங்கள் ரிப்போ நண்பர் ஒருவரின் சர்வரில் இருந்ததால் இரண்டாவது வழிதான்.

டம்ப் கோப்பு கைக்கு வந்ததும் உங்கள் கணினியில் ‘எஸ்விஎன்-அட்மின் கிரியேட்’ கொடுத்து வெற்று ரிப்போ ஒன்று உருவாக்கி, அதில் ‘லோட்’ செய்யுங்கள். இனி எல்லாச் சோதனைகளையும் இந்த உள்ளூர் நகலில் நடத்தலாம். மாற்றும் கருவி ஒவ்வொரு ரிவிஷனாக, அதாவது எஸ்விஎன் எண்ணிட்ட ஒவ்வொரு கமிட்டாக, கேட்டு வாங்கும். நெட் வழியாக அது ஊர்ந்து போகும், உள்ளூர் நகலில் ஓடும். மாற்றத்தை ஒரே தடவையில் சரியாகச் செய்துவிட முடியாது, பத்துப் பதினைந்து தடவை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் இந்த வேகம் முக்கியம். டம்ப் கோப்பின் பிரதியை வேறு இரண்டு இடங்களில் வையுங்கள்.

பெயர்ப் பட்டியல்

நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

எஸ்விஎன் ஒவ்வொரு கமிட்டிலும் வெறும் பயனர்பெயரை மட்டும் வைத்திருக்கும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். இரண்டையும் இணைக்க ஓர் உரைக்கோப்பு எழுத வேண்டும். ஒரு வரிக்கு ஒருவர்: பழைய பயனர்பெயர், சமக்குறி, முழுப்பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல். ‘எஸ்விஎன் லாக்’ கட்டளையோடு ‘கொயட்’ தெரிவைக் கொடுத்தால் ரிவிஷன் எண், பயனர், தேதி மட்டும் வரிசையாக வரும். அதில் பயனர் பத்தியை மட்டும் பிரித்து, திரும்ப வருவதை நீக்கினால் பட்டியல் கிடைத்துவிடும். பட்டியலில் இல்லாத ஒரு பெயர் வந்தால் கருவி அங்கேயே நின்றுவிடும். அந்தப் பெயரைச் சேர்த்து மறுபடி ஓட்டினால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். பயனரே பதிவாகாத கமிட்டுகளும் பழைய ரிப்போக்களில் இருக்கும். அவை அடைப்புக்குறிக்குள் ‘நோ ஆதர்’ என்று வரும், அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும்.

கருவியின் வேலை அவ்வளவுதான். மீதி எல்லாம் மனிதர்களைத் தேடிப் போகும் வேலை.

எங்கள் ரிப்போவில் ஊர்ப்பெயரிலேயே ஒரு கணக்கு இருந்தது. ஆரம்ப நாட்களில் ஒரே கணினி மையத்தில் உட்கார்ந்து மூன்று பேர் அந்த ஒரே கணக்கில் கமிட் போட்டிருந்தார்கள். இருநூற்றுச் சொச்சம் கமிட். பட்டியலில் ஒரு பயனருக்கு ஒரு பெயர்தான் கொடுக்க முடியும். ஒருவர் பெயரைப் போட்டால் மற்ற இருவரும் காணாமல் போவார்கள். பொதுப்பெயர் போட்டால் மூவரும் காணாமல் போவார்கள். கமிட் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு, அந்த மூவரில் ஊரிலேயே இருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். "இந்த ரப்பர் வெட்டுச் சொல்லெல்லாம் புனலூர் சேட்டன் போட்டது. மரச்சீனி, கப்பை சங்கதி பூரா நான் போட்டது. இந்தச் செக்போஸ்ட் சொல்லு மூணாவது ஆளு, அவன்தான் லாரியில போய்ட்டு வந்துகிட்டு இருந்தான்" என்று ஒன்றொன்றாகப் பிரித்துச் சொன்னார். இரண்டு மாலை ஆனது. பதினைந்து கமிட்டுகள் மட்டும் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அவற்றுக்கு மட்டும் கணக்கின் பழைய பெயரையே வைத்தோம்.

இப்படிப் பிரித்ததை எங்கே எழுதுவது? உள்ளூர் எஸ்விஎன் நகலிலேயே எழுதிவிடலாம். ‘எஸ்விஎன்-அட்மின் செட்ரெவ்ப்ராப்’ கட்டளை ஒரு குறிப்பிட்ட ரிவிஷனின் பயனர்பெயரை மாற்றித் தரும். மூன்று புதிய பயனர்பெயர்களை வைத்து, ரிவிஷன் எண்களின் பட்டியலைக் கொண்டு ஒரு சின்ன ஸ்கிரிப்டில் ஓட்டினோம். பழைய சர்வரைத் தொடவே இல்லை. மாற்றம் நடக்கும்போது கருவி மூன்று பேரையும் தனித்தனி ஆட்களாகவே பார்த்தது.

பெயரை எப்படி எழுதுவது என்பதை அவரவரிடமே கேளுங்கள். கிட் பெயர்களை யூனிகோடில் வைக்கும், தமிழிலோ மலையாளத்திலோ எழுதினாலும் ஏற்கும். எங்கள் பக்கம் ஒரே ஆளின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருக்கும். எந்தப் பெயரில் அறியப்பட அவர் விரும்புகிறாரோ அதுதான் சரி. ஒரு சின்ன விஷயம்: பெயருக்குப் பின்னால் இனிஷியல் எழுதிப் புள்ளி வைத்தால், கடைசிப் புள்ளியைக் கிட் உதிர்த்துவிடும். அது முக்கியம் என்று நினைப்பவர்கள் இனிஷியலை முன்னால் போட்டுக்கொள்ளட்டும்.

மின்னஞ்சல் விஷயத்தில் அனுமதி கேட்காமல் எதையும் போடாதீர்கள். ஒருமுறை பொதுவில் போய்விட்டால் அந்த முகவரி எல்லோருடைய நகலிலும் நிரந்தரமாக இருக்கும். தர விரும்பாதவர்களுக்கு, கிட்ஹப் போன்று ரிப்போ வைக்க இடம் தரும் தளங்கள் தரும் ‘நோ-ரிப்ளை’ முகவரியைப் போடலாம். பெயரோ முகவரியோ பின்னால் மாறினால் ‘மெயில்மேப்’ என்ற கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், காட்டும்போது கிட் புதுப்பெயரைக் காட்டும். அதற்காக வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டியதில்லை.

பங்களித்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். இந்த வேலை தொடங்கும்போது அவர் உயிரோடு இல்லை. அவர் மகளிடம் போனில் கேட்டேன். "அம்மா பேரை மலையாளத்துல எழுதாதீங்க, தமிழ்லயே எழுதுங்க. அவங்க தமிழ் மீடியத்துல பாடம் எடுத்தவங்க" என்றார். அப்படியே எழுதினோம். முகவரிக்குத் திட்டத்தின் பொது முகவரியை வைத்தோம்.

எந்தக் கருவி?

ரிப்போவுக்குள் டிரங்க் (முதன்மை வரிசை), பிராஞ்சஸ் (கிளைகள்), டேக்ஸ் (வெளியீடு போன்ற குறிப்பிட்ட நிலைகளுக்கு இட்ட பெயர்கள்) என்ற மூன்று அடைவுகள் தொடக்கத்தில் இருந்தே ஒழுங்காக இருந்தால் ‘கிட் எஸ்விஎன்’ போதும். கிட்டோடு சேர்ந்தே வருவது, சில லினக்ஸ்களில் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருக்கும். அடைவுகளுக்கு வேறு பெயர் இருந்தாலும் சமாளிக்கலாம், எது டிரங்க், எது பிராஞ்ச் என்று தனித்தனியாகச் சொல்ல வழி இருக்கிறது.

பாதி வழியில் அடைவு அமைப்பே மாறியிருந்தால், அல்லது ஒரே ரிப்போவில் பல திட்டங்கள் கலந்திருந்தால் அது திணறும். அப்போது கேடிஇ குழு தங்கள் மாற்றத்துக்கு எழுதிய ‘எஸ்விஎன்-டு-கிட்’ நல்லது. எந்தப் பாதை எந்தப் பிராஞ்சுக்குப் போக வேண்டும் என்று விதிக்கோப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இதே பெயரில் ரூபியில் எழுதிய வேறொரு கருவியும் உண்டு. அது ‘கிட் எஸ்விஎன்’-னுக்கு மேல் போட்ட உறை மட்டுமே என்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேடிஇ-யின் கருவி சில இடங்களில் ‘எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட்’ என்ற பெயரில் கிடைக்கும். இவை எதற்கும் அடங்காத சிக்கலான வரலாறு என்றால் எரிக் ரேமண்டின் ‘ரிப்போசர்ஜன்’. ஜிசிசி-யின் மூன்று பத்தாண்டு வரலாற்றை மாற்றப் பயன்பட்டது அதுதான். கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும். சின்னத் திட்டத்துக்குத் தேவைப்படாது.

ஒத்திகை

‘கிட் எஸ்விஎன் குளோன்’ கட்டளைக்கு மூன்று விஷயங்கள் கொடுங்கள்: பெயர்ப் பட்டியல் கோப்பு, வழக்கமான அமைப்பு என்பதைச் சொல்லும் ‘ஸ்டாண்டர்ட் லேஅவுட்’ தெரிவு, உள்ளூர் நகலின் பாதை. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் கவலை இல்லை, ‘கிட் எஸ்விஎன் ஃபெட்ச்’ கொடுத்தால் தொடரும்.

பல வழிகாட்டிகள் ‘நோ-மெட்டாடேட்டா’ தெரிவையும் சேர்க்கச் சொல்லும். அதைக் கொடுத்தால் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் வரும் பழைய ரிவிஷன் எண் வராது, வரலாறு பார்க்கச் சுத்தமாக இருக்கும். நான் அதைக் கொடுக்க வேண்டாம் என்பேன். பழைய மடல்களிலும் பிழை அறிக்கைகளிலும் "ஆர் 412-ல் கெட்டுப்போனது" என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் இல்லை என்றால் அந்தப் பேச்சு எதைப் பற்றியது என்று பின்னால் யாருக்கும் தெரியாது. ஜிசிசி-யும் தன் ஒவ்வொரு பழைய கமிட்டிலும் எஸ்விஎன் எண்ணை ஒரு வரியாக வைத்திருக்கிறது. உள்ளூர் நகலில் இருந்து மாற்றுவதால் அந்த வரியில் உங்கள் கணினியின் பாதை வந்துவிடும். ‘ரீரைட்-ரூட்’ தெரிவில் பழைய சர்வரின் முகவரியைக் கொடுத்தால் அது சரியாகிவிடும்.

முடிந்ததும் பாருங்கள்: எஸ்விஎன்-னின் டேக்குகள் எல்லாம் கிட்டில் ரிமோட் பிராஞ்சுகளாக வந்திருக்கும். எஸ்விஎன்-னில் டேக் என்பதே இன்னொரு அடைவுதான், அதனால் இப்படி. ஒவ்வொன்றையும் நிஜ டேக்காக மாற்றிவிட்டு அந்தப் பிராஞ்சை நீக்குங்கள். பிராஞ்சுகளையும் இதேபோல் உள்ளூர் பிராஞ்சாக்க வேண்டும். பெயரில் @ குறியும் அதற்குப் பின் ஓர் எண்ணும் உள்ள பிராஞ்சுகள் சில கிடக்கும். பழைய நகர்த்தல்களின் தடயம் அவை. உள்ளே தேவையானது ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு நீக்கலாம்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

எந்த ஆங்கில வழிகாட்டியும் எங்களுக்குச் சொல்லாதது இது.

எங்கள் சொற்பட்டியல்கள் எழுத்துக்கு ஒரு கோப்பாக இருந்தன: க, கா, கொ, கோ என்று. மாற்றிய பிறகு லினக்ஸில் பார்த்தால் ‘கொ’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. யூனிகோடில் ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ‘ெ’, பின்னால் ‘ா’ என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ‘ோ’, ‘ௌ’ இரண்டுக்கும் இப்படித்தான். பழைய மேக் கணினிகளின் கோப்பு அமைப்பு பெயரை எப்போதும் உடைத்துத்தான் வைக்கும். குழுவில் மேக் வைத்திருந்த ஒருவர் 2012-ல் சேர்த்த ‘கொ’ கோப்பு, கணினியின் கணக்கில் வேறொரு கோப்பு. இத்தனை வருடமும் அகராதியில் சில சொற்கள் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

எல்லாக் கோப்புப் பெயர்களையும் பைத்தானின் ‘யூனிகோட்-டேட்டா’ தொகுதியால் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, மூலப்பெயரோடு ஒப்பிடும் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். வேறுபடுவதை மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். இரட்டைக் கோப்புகளை ஒன்றாக்குவது கிட்டில் நீங்கள் போடும் முதல் கமிட்டாக இருக்கட்டும். மேக் பயனர்கள் ‘கோர்.ப்ரீகம்போஸ்-யூனிகோட்’ அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாக 340, 256 என்று எண்களாகக் கொட்டும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று முதலில் நானே பயந்தேன். ‘கோர்.கோட்பாத்’ (core.quotepath) அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தமிழிலேயே காட்டும். இதை உங்கள் திட்டத்தின் ரீட்மீ கோப்பின் மேல்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இந்தத் தொல்லை எதற்கு, பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றிவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கோப்பின் பெயரைப் பார்த்ததும் தோட்டத்து ஆட்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

எதைத் திருத்துவது, எதை விடுவது

எங்கள் கோப்புகளில் பழைய டிஸ்கி குறியாக்கத்தில் சில இருந்தன. மலையாளச் சில்லெழுத்துகள் (உயிரொலி சேராமல் நிற்கும் மெய்களின் தனி வடிவங்கள்) இரண்டு விதமாக இருந்தன. யூனிகோட் 5.1, 2008-ல் சில்லுக்குத் தனிக்குறிகள் கொடுத்தது, அதற்கு முன் எழுதியவை பழைய முறையில் கிடந்தன. எல்லாவற்றையும் மாற்றத்தோடு சேர்த்தே சரிசெய்துவிடலாம் என்று ஆசை வரும். வேண்டாம். பழைய ரிப்போவும் புதியதும் பைட்டுக்கு பைட் ஒத்துப்போகிறதா என்று சோதிக்கத்தான் போகிறீர்கள். இடையில் உள்ளடக்கத்தைத் தொட்டால் அந்தச் சோதனையே நடக்காது. திருத்தங்கள் மாறிய பிறகு, தனித்தனிக் கமிட்டுகளாக வரட்டும். விண்டோஸில் எழுதிய கோப்புகளின் வரிமுடிவுகளைச் சீராக்குவதும் அப்படியே. அந்தக் கமிட்டின் எண்ணை ‘கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ கோப்பில் எழுதி, கிட்டின் அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டிவிட்டால், ஒரு வரியை யார் எழுதியது என்று தேடும்போது அந்தக் கமிட் குறுக்கே வராது.

இரண்டு விஷயங்களை மட்டும் வெளியிடும் முன்பே, வரலாற்றிலேயே திருத்தியாக வேண்டும். ஒன்று, யாராவது எப்போதோ தவறிக் கமிட் செய்த பாஸ்வேர்டுகள். அவற்றைத் தேடி நீக்குவதோடு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். மற்றது பெரிய கோப்புகள். எஸ்விஎன்-னில் வேண்டிய அடைவை மட்டும் இறக்கலாம் என்பதால் உச்சரிப்பு ஒலிக்கோப்பு, பிடிஎஃப் என்று எதையும் உள்ளே போட்டிருப்பார்கள். கிட்டில் குளோன் (ரிப்போவின் நகல்) எடுப்பவர் சாதாரணமாக மொத்த வரலாற்றையும் இறக்குகிறார். கிட்ஹப்பில் 100 எம்பி-க்கு மேல் ஒரு கோப்பு இருந்தால் புஷ்ஷையே (கமிட்டுகளைச் சர்வருக்கு அனுப்புவதை) ஏற்காது, அது பழைய கமிட்டில் இருந்தாலும் சரி. ‘கிட் ஃபில்டர்-ரிப்போ’ இதற்கான கருவி. புதிதாக எடுத்த குளோனில்தான் ஓடச் சம்மதிக்கும். ஓடினால் எல்லாக் கமிட் எண்களும் மாறும், ஆகவே ரிப்போவைப் பொதுவில் வைக்கும் முன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

சின்னவை சில: எஸ்விஎன்-னின் புறக்கணிப்புப் பட்டியலை ‘கிட் எஸ்விஎன் ஷோ-இக்னோர்’ கொடுத்து எடுத்து ‘கிட்-இக்னோர்’ கோப்பில் போடுங்கள். வெற்று அடைவுகளைக் கிட் வைத்துக்கொள்ளாது, தேவைப்பட்டால் உள்ளே ஒரு சின்னக் கோப்பு வையுங்கள். ‘எக்ஸ்டர்னல்ஸ்’ என்று வெளி ரிப்போக்களை இணைத்திருந்தால், அதற்குக் கிட்டில் உள்ள சப்மாட்யூலாக மாற்ற வேண்டும்.

சரிபார்ப்பது

ஒவ்வொரு டேக்குக்கும் எஸ்விஎன்-னில் இருந்து ‘எக்ஸ்போர்ட்’ எடுங்கள். அதே டேக்கைக் கிட்டில் வேறொரு அடைவில் எடுங்கள். இரண்டையும் ‘டிஃப்’ கட்டளையால் அடைவு முழுக்க ஒப்பிடுங்கள். எக்ஸ்போர்ட்டில் ‘இக்னோர்-கீவேர்ட்ஸ்’ தெரிவு கொடுக்காவிட்டால் தானாக நிரம்பும் தேதி, எண் வரிகள் எல்லாம் வேறுபாடாக வந்து கண்ணைக் கட்டும். வெற்று அடைவுகளைத் தவிர வேறு வேறுபாடு வரக்கூடாது. நீங்களே நீக்கிய பெரிய கோப்புகள் இருந்தால் அவை மட்டும் விதிவிலக்கு.

பிறகு ‘கிட் ஷார்ட்லாக்’. யார் எத்தனை கமிட் என்று பட்டியல் வரும். அதைக் குழுவுக்கு அனுப்பி, அவரவர் பெயரை அவரவரே பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் ஒருவர் பெயர் இரண்டு எழுத்துப்பிழையோடு வந்திருந்தது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அவர்தான் கண்டுபிடித்தார்.

மாறும் நாள்

புனலூர் – செங்கோட்டை மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ரயில் 2010-ல் நின்றது. அகலப்பாதையாகி முழுத்தடமும் திறக்க 2018 ஆனது. மலையைக் குடையும் வேலை, அதற்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டது. ஆனால் அந்த எட்டு வருடத்தில் ரயிலை மறந்து பேருந்துக்குப் பழகிப்போனவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். திறமூலத் திட்டத்திலும் கமிட் போட முடியாத நாட்கள் நீண்டால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒத்திகையை மாதக்கணக்கில் செய்யுங்கள், நிறுத்தி வைப்பது ஒரு வார இறுதியைத் தாண்ட வேண்டாம். ஜிசிசி அவ்வளவு பெரிய ரிப்போவை ஒரு வார இறுதியில் மாற்றி முடித்தது, வருடக்கணக்கான தயாரிப்புக்குப் பிறகு.

தேதி குறிக்கும்போது இரண்டு பக்கத்து நாள்காட்டியையும் பாருங்கள். பொங்கலும் வேண்டாம், ஓணமும் வேண்டாம். நாங்கள் மூன்று வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டோம், கையில் கமிட் செய்யாத வேலை இருப்பவர்கள் அனுப்பிவிட அது போதுமாக இருந்தது.

வெள்ளி இரவு பழைய ரிப்போவைப் பூட்டினோம். எஸ்விஎன் ரிப்போவின் ‘ஹுக்ஸ்’ அடைவில் ‘ஸ்டார்ட்-கமிட்’ என்ற ஸ்கிரிப்ட் வைத்து, அது புதிய முகவரியைச் சொல்லிவிட்டுப் பிழையோடு முடியும்படி எழுதினால், யார் கமிட் செய்ய வந்தாலும் அந்தச் செய்தி அவருக்குப் போய்விடும். பூட்டும் முன் டிரங்கில் கடைசிக் கமிட்டாக "இடம் மாறிவிட்டோம்" என்ற ஒரு கோப்பு. சனிக்கிழமை புது டம்ப், பெயர்த் திருத்த ஸ்கிரிப்ட், மாற்றம், சரிபார்ப்பு. எல்லாம் ஏற்கெனவே எழுதிய ஸ்கிரிப்டுகள்தான், கையால் எதையும் அடிக்கவில்லை. மாலைக்குள் புஷ் செய்தாயிற்று.

எங்கே வைப்பது? கிட்ஹப், கிட்லேப், இலாப நோக்கில்லாத கோட்பெர்க், சொந்த சர்வர், எதுவும் சரி. எந்தத் தளமும் நிரந்தரம் என்று நினைக்காமல் வேறொரு தளத்தில் ஒரு கண்ணாடி நகல் வையுங்கள். கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டபோது எத்தனையோ திட்டங்கள் அவசரமாக இடம் தேட வேண்டியிருந்தது.

பிழைப் பட்டியலையும் கொண்டுவருவதாக இருந்தால் ரிப்போவைப் புஷ் செய்யும் முன்பே, பழைய வரிசை எண் மாறாமல் ஏற்றுங்கள். கிட்ஹப்பில், பழைய கமிட் செய்தியில் #12 என்று இருந்தால் அது தானாகவே புதிய பட்டியலின் 12-க்கு இணைப்பாகிவிடும். எண் மாறியிருந்தால் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போய் நிற்கும்.

ஆட்களைக் கூட்டிவருவது

எஸ்விஎன் பழகிய கைக்கு முதல் வாரம் தடுமாற்றம்தான். ஒரு பக்கத்தில் இவ்வளவு எழுதிக் கொடுத்தோம்: முன்பு ‘செக்அவுட்’, இப்போது ‘குளோன்’. முன்பு ‘அப்டேட்’, இப்போது ‘புல்’. முன்பு ஒரே ‘கமிட்’, இப்போது ‘கமிட்’ செய்து பிறகு ‘புஷ்’. சிவப்பு மையில் எழுதியது ‘ரிவர்ட்’ மட்டும். எஸ்விஎன்-னில் ரிவர்ட் என்றால் இன்னும் கமிட் செய்யாத மாற்றத்தைக் கைவிடுவது. கிட்டில் அது ஏற்கெனவே போட்ட ஒரு கமிட்டை எதிர்க்கமிட் போட்டு ரத்து செய்வது. பழைய பழக்கத்துக்கு ஈடானது ‘கிட் ரீஸ்டோர்’. "கமிட் போட்டேன், உங்களுக்கு வரலையே" என்று ஒரு மாதம் போன் வந்தது. ஒவ்வொரு முறையும் பதில் ‘புஷ்’ தான். பொறுமையாகச் சொல்லுங்கள்.

மலைப்பக்கத்து ஆட்களுக்கு முதல் குளோன்தான் பெரிய தடை. பாதியில் நெட் அறுந்தால் குளோன் விட்ட இடத்தில் இருந்து தொடராது, முதலில் இருந்து ஆரம்பிக்கும். இதற்கு ‘கிட் பண்டில் கிரியேட்’ கட்டளையோடு ‘ஆல்’ தெரிவைக் கொடுத்தால் மொத்த ரிப்போவும் ஒரே கோப்பாகிவிடும். அதைப் பென்டிரைவில் போட்டு ஆரியங்காவு பேருந்தில் கொடுத்துவிட்டோம். அங்கே அந்தக் கோப்பில் இருந்தே ‘கிட் குளோன்’ செய்து, ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல்’ கொடுத்து நிஜ முகவரியை மாற்றினால் போதும். அடுத்த புல்லில் அதற்குப் பின் வந்தது மட்டும் இறங்கும். அதே பென்டிரைவில் பழைய எஸ்விஎன் டம்ப் கோப்பும் ஒரு பிரதி இருக்கிறது. பழைய சர்வரைப் படிக்க மட்டும் திறந்து ஓராண்டு விட்டு வைத்தோம். அதற்குள், பழைய முகவரியைக் காட்டிக்கொண்டிருந்த கையேடுகள், பதிவிறக்கப் பக்கங்கள், லினக்ஸ் பொதி பராமரிப்பவர்களின் குறிப்புகள் எல்லாவற்றையும் தேடித் திருத்தி முடித்தோம்.